துக்க வீட்டு நட்சத்திரம்

பூ வைத்துக்கொண்டு போனாள் என்பது சுத்தப் பொய். பொன்னம்மாளின் தலையில் அன்றைக்கு எண்ணெய்கூடக் கிடையாது. புருஷன் போய் இரண்டு மாதத்தில் மினுக்கிக்கொண்டு புறப்பட்டாள் என்று பால் பூத்தில் நின்று பேசுகிறவர்கள், அந்த நீலச் சேலையின் முந்தானையில் இருந்த கிழிசலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டார்கள். கிழிசலைச் சொன்னால் கதையில் சுவை போய்விடும். துக்க வீட்டில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டினாளா என்றால், கட்டினாள். கலர்ச் சேலை உடுத்தினாளா என்றால், உடுத்தினாள். செய்ததை இல்லையென்று சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. ஏன் செய்தாள் என்று அந்தத் தெருவில் ஒருத்தரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பொன்னம்மாள் நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து ஊர்க்காரி. அப்பா வீட்டில் மாடு உண்டு, முந்திரித்தோப்பு உண்டு, குலசாமி உண்டு. மைன்ஸில் வேலை பார்த்த அருளைக் கட்டிக்கொண்டபோது இவை எல்லாம் இல்லை என்றாகிவிட்டது. அருள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். கல்யாணத்துக்கு அவள் வீட்டிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. அருளின் அக்கா பாப்பாதான் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, அவளுக்குத் தலை பின்னி, தன் காதில் கிடந்த கம்மலைக் கழற்றிப் போட்டு, தாய் ஸ்தானத்தில் நின்றாள். அன்றையிலிருந்து பொன்னம்மாளுக்கு மதினி என்றாலும் பாப்பா, அம்மா என்றாலும் பாப்பா. இதை மனசில் வைத்துக்கொண்டுதான் மற்றதைக் கேட்க வேண்டும்.

மறுவருஷம் மகன் அபி பிறந்தான். பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. பொன்னம்மாள் தன் தாய்வீட்டு வழக்கப்படி ஒரு பாயும் ஒரு தட்டும் ஒதுக்கிக்கொண்டு, தீட்டுக்காரியாக மூலையில் உட்கார்ந்திருந்தாள். பாப்பா வந்து பாயைச் சுருட்டினாள். எங்களுக்குத் தீட்டு கிடையாது, பிள்ளையைத் தூக்கு, கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள். அவர்கள் ஊரில் சர்ச்சுக்குக் கோயில் என்றுதான் பெயர். பிள்ளை பெற்ற உடம்போடு சாமி இருக்கிற இடத்தை மிதித்தால் கண் போய்விடும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் பொன்னம்மாள்.

போகிற வழியில் பாப்பா அந்தக் கதையைச் சொன்னாள். சத்திரத்தில் இடமில்லாமல் மாட்டுக் கொட்டகையில் பிள்ளை பெற்றவளை, மாடு தின்கிற தொட்டியில் கிடத்திய பிள்ளையை, அன்றைக்கே உள்ளே நுழைந்து பார்த்த ஆட்டுக்காரர்களை. மாட்டுக் கொட்டகை என்றால் என்ன என்று பாப்பாவைவிட பொன்னம்மாளுக்கு நன்றாகத் தெரியும். விடிந்தால் சாணி வாரியவள். அங்கேயா சாமி வந்து பிறந்தது என்று இரண்டு தரம் கேட்டாள். ஆமாம் என்றாள் பாப்பா. அப்படிப்பட்ட சாமிக்கு எந்த வீட்டுக்குள்ளும் வரக் கூச்சம் இருக்காது என்று பொன்னம்மாள் நினைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியபோது போதகர் கேட்டதற்கெல்லாம் மனப்பாடமாகப் பதில் சொன்னவள்தான். நம்பிக்கை வந்தது அன்றைக்கு, அந்த ரோட்டில்.

போன ஐப்பசியில் அருள் நைட் ஷிப்ட் முடிந்து வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தண்ணீர் கேட்டார். அவள் சொம்போடு வருவதற்குள் ஆள் இல்லை.

அடக்கத்துக்கு வந்த பாப்பா ஊருக்குத் திரும்பவில்லை. பொன்னம்மாளைத் தனியே விட மனசில்லை. வெள்ளைச் சேலை வாங்கிக் கொடுத்தாள், வேளைக்குச் சோறு ஊட்டாத குறையாகப் போட்டாள், துக்க வருஷத்துச் சட்டங்களையும் சொன்னாள். ஸ்டார் கட்டக் கூடாது, பலகாரம் சுடக் கூடாது, கலர் உடுத்தக் கூடாது, பண்டிகை ஆராதனைக்குப் போகக் கூடாது. அவர்கள் குடும்பத்தில் வழிவழியாக அப்படித்தான். பொன்னம்மாள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். பெங்களூரில் இருக்கும் அபியைப் போனில் கேட்டதற்கு, உங்க இஷ்டம்மா, அத்தை சொல்றபடி செய்யுங்க என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டான்.

டிசம்பர் பிறந்ததும் பொன்னம்மாள் பரணில் கிடந்த ஸ்டாரை இறக்கித் துடைத்து, வாசல் முருங்கையில் கட்டி பல்பைப் போட்டாள். பாப்பா எழுந்து போய் சுவிட்சை அணைத்தாள். பொன்னம்மாள் போய்ப் போட்டாள். இது தினமும் நடந்தது. இதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்றாக உட்கார்ந்து கீரை ஆய்வதும் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் அதுபாட்டுக்கு நடந்தன. பக்கத்து குவார்ட்டர்ஸ் உமாராணி, கனெக்‌ஷன் லூசாகி விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது என்று நினைத்து எலக்ட்ரீஷியன் நம்பரைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஒருநாள் சாயங்காலம் சர்ச் பாட்டுக் குழு வீடு வீடாகப் பாடிக்கொண்டு வேனில் வந்தது. ஸ்டார் எரிகிற வீட்டில் நின்று பாட வேண்டும், சாவு விழுந்த வீட்டைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இரண்டும் ஒரே வீடாக இருந்ததும் வேன் வாசல் கேட்டுக்கு முன்னால் நின்றுபோயிற்று. டிரம்காரர் கையைத் தூக்கியவர் தூக்கியபடி இருந்தார். வேனுக்குள்ளேயே கொஞ்சநேரம் கூட்டம் போட்டார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் கட்டியிருந்தவர் அருளோடு ஒரே ஷிப்டில் இருந்தவர். முதலில் அவர்தான் இறங்கினார். சாவு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல முகமூடியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். பொன்னம்மாள் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். டிரம் இல்லாமல் ஒரு பாட்டுப் பாடினார்கள். டீ குடித்தார்கள். பாட்டு முடிகிறவரை பாப்பா பின்கட்டில், விளக்கிய பாத்திரத்தையே திரும்ப விளக்கிக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸ் அன்று விடியுமுன்னே பொன்னம்மாள் குளித்து, அந்த நீலச் சேலையைக் கட்டினாள். பாப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி பொன்னு, எங்க கெளம்புத?"

"கோயிலுக்கு மதினி."

"எந்தம்பி குழி மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள ஒனக்குக் கலர்ச் சேலை கேக்குதோ?"

"சாமி பொறந்த நாளுக்குப் போறன். வெள்ளையில போவ மனசு வரல." பொன்னம்மாள் கொசுவத்தைச் செருகிக்கொண்டே சொன்னாள். "அபி பொறந்தப்ப தீட்டு கெடையாதுன்னு நீங்கதான் பாயச் சுருட்டுனீங்க. சாவுக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு?"

"இது தீட்டு இல்லட்டி. துக்கம்."

பாப்பா சொன்னது சரிதான். அருளை இடுப்பில் வைத்து வளர்த்தவள் பாப்பா. பொன்னம்மாள் பார்ப்பதற்கு முன்பே அவருக்குச் சோறு ஊட்டியவள். துக்கத்தில் யாருக்குப் பங்கு அதிகம் என்று பேசப்போனால் பொன்னம்மாள் பின்னால்தான் நிற்க வேண்டும்.

"துக்கம் இருக்குது மதினி. அத எறக்கி வெச்சிட்டு நான் போவல. தூக்கிக்கினுதான் போறன்" என்றாள். "சாவு விழாத ஊரா இருந்தா, சாமி இங்க வந்து பொறக்கவேண்டிய வேலையே இல்ல. இத்தினி வருசம் பலகாரத்துக்கும் சேலைக்கும் போனன். இந்த வருசந்தான் எனக்கு அவரு வேணும். இப்பப் போயி வூட்ல குந்திக்கினு இருன்னா எப்பிடி?"

பாப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "வாசலத் தாண்டுனன்னா நான் இன்னைக்கே ஊருக்குப் போயிருவேன். பெறவு இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

பாப்பா வாயிலிருந்து ஒன்று வந்தால் வந்ததுதான். சொந்தத் தங்கச்சியோடு முகம் கொடுத்துப் பேசி எத்தனையோ காலம் ஆகிறது. பொன்னம்மாள் காப்பியைப் பிளாஸ்கில் ஊற்றிக் கட்டில் பக்கம் வைத்தாள். பாப்பாவின் கால்மாட்டில் நழுவிக் கிடந்த போர்வையை இழுத்துவிட்டாள். பாப்பா காலை உதறவில்லை, திரும்பவும் இல்லை. பொன்னம்மாள் கதவைத் திறந்தாள்.

மார்கழி மாதம். தெருவில் இருக்கிற பெண்கள் அத்தனை பேரும் கோலப்பொடியோடு வாசலில் குனிந்திருந்தார்கள். இந்த மாதத்தில் யாருக்கும் தெரியாமல் வீட்டை விட்டுப் போக நெய்வேலியில் ஒருத்தியாலும் முடியாது. நீலச் சேலையைப் பார்த்ததும் ஒவ்வொருத்தியாக நிமிர்ந்தார்கள். உமாராணி இரண்டு வீட்டு வாசலையும் சேர்த்து வளைத்து ஒரு பெரிய தாமரை போட்டிருந்தாள். "அக்கா" என்றாள். பொடி கை நழுவி ஒரு இதழ் கெட்டது.

"மிதிக்க மாட்டன். நீ போடு" என்றாள் பொன்னம்மாள்.

பின்னால் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. அவளுக்கும் கேட்டது, தெருவுக்கும் கேட்டது. அவள் அழுதாள்தான். பனியில் முக்காடு போட்டிருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை. தெரியாததை அவர்கள் எப்படிச் சொல்வார்கள். கோலத்தின் ஓரமாக, சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கோடுகூடக் கலையாமல் சுற்றி நடந்து, மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பினாள்.