மகளின் முதுகில் என் பெயர்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் என் பெயர் தெரியாத தமிழர் ஒருவர் இருந்தால், அவர் நேற்றுத்தான் விமானத்தில் வந்து இறங்கியவராக இருக்கவேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பெட்ரோல் ஷெட்டில் ஷிப்ட் ஷிப்டாக நின்று, அந்த உழைப்பில் பலசரக்குக் கடை போட்டு, இன்று மூன்று கடை வைத்திருக்கிறேன். மூன்று பலகையிலும் என் பெயர்தான். வருடா வருடம் நான் அடித்துக் கொடுக்கிற கலண்டர் ஹரோவில் டொக்டர்மார் வீட்டுக் குசினியிலும் தொங்குகிறது. அதிலும் என் பெயர்தான்.

அப்படிப்பட்டவனின் மகள், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, கால்பந்து அணியில் சேரப்போகிறேன் என்று வந்து நின்றாள். எங்கள் வழக்கத்தில் பிள்ளையின் பெயரோடு ஒட்டி வருவது அப்பாவின் பெயர். இந்த நாட்டில் விளையாட்டுச் சட்டையின் முதுகில் அதைத்தான் போடுவார்கள்.

"ஓடுறதெண்டால் ஓடு. ஆனா அரைக் காற்சட்டையும் போட்டு, முதுகில என்ர பேரையும் போட்டுக்கொண்டு ஓடாதை. கடைக்கு வாற சனம் என்ன சொல்லும்?" என்றேன்.

எந்தத் தகப்பனும் சொல்லுகிற கதைதான். அவள் படித்து முடித்து, பிசியோதெரபி வேலை கிடைத்து ஸ்கொட்லாந்துக்குப் போய்விட்டாள். போன வருடம் அங்கே பெண்களாகவே சேர்ந்து ஒரு கால்பந்துக் கழகம் தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் என் மகளும் ஒருத்தி. கோல் காப்பதும் அவள்தான்.

வெறுங்கையோடு ஒன்றைத் தொடங்குகிற குணம் அவளுக்கு யாரிடமிருந்து வந்தது? கடைக்கு வந்தவர் போனவர் எல்லோருக்கும் சொன்னேன். பக்கத்து நகைக்கடைக்காரருக்கு இரண்டு தரம் சொன்னேன்.

"இனி ஸ்கொட்லாந்துக்காரரும் என்ர பேரை வாசிக்கப்போகினம்."

"உங்கட கலண்டர் போகாத இடம் அது ஒண்டுதான் அண்ணை. அதுவும் முடிஞ்சுது," என்றார் அவர்.

முதல் லீக் ஆட்டத்துக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். மைதானம் என்று சொல்ல ஒரு பள்ளிக்கூடப் புல்வெளிதான். மழை பக்கவாட்டில் அடித்தது. தகப்பன்மார் நனைந்துகொண்டே கோல் வலையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு மனுசி என் கையில் தேநீரைத் திணித்து ஏதோ கேட்டாள். இத்தனை வருடம் லண்டனில் பேசிய ஆங்கிலம் அங்கே உதவவில்லை. சிரித்து வைத்தேன்.

மகள் மஞ்சள் சட்டையோடு ஓடி வந்து, எங்கள் பக்கத்துக் கோலை நோக்கித் திரும்பினாள். முதுகில் இருந்தது அவளுடைய பெயர். வீட்டில் நாங்கள் கூப்பிடுகிற பெயர். மற்றப் பெட்டைகள் எல்லோரும் தகப்பன் பெயரைச் சுமந்துகொண்டு ஓடினார்கள். என்னுடையவள் மட்டும் இப்படி.

தோற்றார்கள். ஆனாலும் அவள் பாய்ந்து பாய்ந்து பிடித்ததற்கு நின்ற சனமெல்லாம் அவள் பெயரைச் சொல்லிக் கத்தியது. ஆட்டம் முடிந்ததும் நேரே போனேன்.

"என்ர பேர் எங்க?"

கையுறையில் இருந்த சேற்றைத் துடைத்தாள். "நீங்கள்தானே அப்பா போடவேண்டாம் எண்டனீங்கள்."

"அது அப்ப. நீ சின்னப் பிள்ளை."

"ஓம். சின்னப் பிள்ளை, சொல்லுக் கேட்டனான்."

"அடுத்த சட்டையில மாத்தலாம்தானே?"

"ஏன்? இது நல்லாத்தானே இருக்கு. மழையில நிக்காதேங்கோ, தேத்தண்ணி ஆறப்போகுது."

அவள் கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். மனைவி தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு முதலே தெரியும். எனக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடச் சப்பாத்திலிருந்து படிப்பு வரை என் கடை உழைப்பில் வந்தது. அதெல்லாம் மறந்துபோயிற்று, வாய் தவறி விழுந்த ஒரு சொல் மட்டும் ஞாபகத்தில் நிற்கிறது.

திரும்பி வந்த மறுநாளே நகைக்கடைக்காரர் போனை நீட்டிக்கொண்டு வந்தார். கழகத்துக்காரர் ஆட்டத்தை இணையத்தில் போட்டுவிட்டார்களாம்.

"மகள் நல்லாப் பாயிறா அண்ணை. உங்கட பேரைத்தான் காணேல்லை. மழையில கழுவுப்பட்டுப் போச்சுதோ?"

வரிசையில் நின்ற சனம் சிரித்தது.

"அது பயிற்சிச் சட்டை," என்றேன்.

கல்லாவுக்கு மேலே, கலண்டருக்குப் பக்கத்தில், அவளுடைய படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு என் மகள் என்று நானேதான் சொல்லவேண்டியிருக்கிறது. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேரே பார்க்கிற படம் அது. முதுகு தெரியாத படமாகப் பார்த்து எடுத்தேன்.