கம்பிக்கு மேல் நின்ற கார்டுகள்

இருபது வருஷம் எங்கள் கல்லூரி நூலகத்தின் புத்தகப் பட்டியல் முழுவதும் என் கையெழுத்தில் இருந்தது. பெரிய பேரேடுகள் ஆறு. ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தையின் கனம். முத்து முத்தாக எழுதியிருப்பேன். நானே சொல்லிக்கொள்வது அழகில்லைதான், ஆனால் சொல்ல வேறு யாரும் இல்லை. இரண்டாம் யுத்தத்துக்கு ஓரிரு வருஷம் முன்பு, பிரின்சிபால் ஒரு நாள் டிராயர் வைத்த தேக்கு அலமாரி ஒன்றையும் ஒரு டைப்ரைட்டரையும் கொண்டுவந்து இறக்கினார். இனிப் புத்தகத்துக்கு ஒரு கார்டு, பேரேடுகளைப் பரண் மேல் போடுங்கள் என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

டைப் அடிக்க ஓர் அம்மாள் வந்தார். பிரேசர் டவுனில் சர்ச்சுக்குப் பக்கத்து வீடு. கணவர் இறந்துவிட்டார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். ஆறு மாதம் தற்காலிக வேலை, திருப்தியாக இருந்தால் நிரந்தரம் என்று ஏற்பாடு. அந்த வேலை போனால் பிள்ளைகளின் படிப்பும் போகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் எரிச்சல் குறைந்தபாடில்லை.

ஆனால் வேலையில் கெட்டிக்காரி என்றால் அவர்தான். ஜெர்மன் மொழியில் ஒரு முழம் நீளத் தலைப்பு வந்தாலும் எழுத்தெழுத்தாக அடிப்பார். அடித்து முடித்ததும் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துவரை பின்னாலிருந்து படிப்பார். முன்னாலிருந்து படித்தால் கண் தானாக வழுக்கிக்கொண்டு போய்விடுமாம். புத்தகத்துக்கு இரண்டு கார்டு அடிப்பார். ஒன்று ஆசிரியர் பெயர் வரிசையில் டிராயருக்கு. மற்றொன்று புத்தகங்கள் அலமாரியில் நிற்கும் வரிசையில், தம்முடைய பெட்டிக்கு. ஒன்றைப் பார்க்கவே ஆளைக் காணோம், இரண்டு எதற்கு என்று நான் கேலி செய்வேன்.

டிராயர் ஒவ்வொன்றிலும், கார்டுகளின் அடியில் உள்ள துளைகள் வழியாக ஒரு பித்தளைக் கம்பி ஓடும். புதுக் கார்டுகளை அவர் உரிய இடத்தில், கம்பிக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும்படி வைப்பார். நான் ஒவ்வொன்றையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் படித்து, சரியாக இருந்தால் கம்பியை உருவி, கார்டுகளை இறக்கிவிட்டு, கம்பியைத் திரும்பச் செருகித் திருகவேண்டும். கம்பி இல்லாவிட்டால் எவரும் கார்டை உருவிக்கொண்டு போகலாம். நான் ஒரு கால்புள்ளி விடாமல் படித்தேன். ஐந்து மாதத்தில் இரண்டே இரண்டு தவறு அகப்பட்டது. இரண்டு தடவையும் சீர்த்தட்டு ஏந்துகிறவன் மாதிரி அந்தக் கார்டை அவர் மேஜைக்கு எடுத்துப்போனேன். "நல்லதாப் போச்சு சார்" என்று வாங்கி வேறு அடித்துக்கொடுத்தார்.

ஒரு சாயங்காலம் ஒரு டிராயரின் கம்பி திரும்பப் போகமாட்டேன் என்றது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; நான் தச்சனைத் திட்டிவிட்டு, கம்பியை டிராயருக்குள்ளேயே ஓரமாகப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அப்புறம் அடியோடு மறந்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பிரின்சிபால் சாயங்களைப் பற்றிய ஒரு ஜெர்மன் புத்தகத்தைத் தேடி வந்தார். அவரே சொல்லி வாங்கிய புத்தகம். டிராயரில் கார்டு இல்லை. மறுநாள்தான் அந்த அம்மாளின் வேலையை முடிவு செய்யும் கமிட்டி. ஒன்று விட்டுப்போயிருந்தால் இன்னும் எத்தனை விட்டுப்போயிருக்குமோ என்று பிரின்சிபால் இங்கிலீஷில் சீறினார். அம்மாள் தம் பெட்டியிலிருந்து இரண்டாவது கார்டை எடுத்துக் காட்டி, இரண்டையும் சேர்த்தே அடித்ததாகச் சொன்னார். அடித்து டிராயரில் வைக்காவிட்டால் அடித்து என்ன பயன் என்றார் பிரின்சிபால்.

அம்மாள் போய் டிராயரை இழுத்தார். அவர் கை நின்றது. ஓரத்தில் கிடந்த கம்பியைப் பார்த்தார். டிராயரை மெதுவாக மூடிவிட்டுத் தம் மேஜைக்குத் திரும்பினார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அவர் என் பெயரை எடுத்திருந்தால், கம்பியை யார் உருவினார்களோ என்று சாதிக்க எனக்கு வாய் தயாராக இருந்தது. அவர் எடுக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "கார்டு அங்கே இருந்தது, நான் படித்துப் பார்த்தேன். கம்பியைப் போடாமல் விட்டவன் நான்" என்று சொல்லிவிட்டேன். பிரின்சிபால் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, சாயப் புத்தகத்தை வேறு யார் தேடியிருக்கப் போகிறார்கள் என்று கெமிஸ்ட்ரி புரொபசருக்கு ஆள் அனுப்பினார். கார்டு புரொபசரின் கோட்டுப் பையில் இருந்தது. புத்தகத்தின் நம்பரை எழுதிக்கொள்ளச் சோம்பல்பட்டுக் கார்டையே எடுத்துப்போயிருக்கிறார். என்னிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். மறுநாள் அம்மாளின் வேலை நிரந்தரமாயிற்று.

அன்று வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் கேட்டேன். "ஏம்மா, கம்பி கெடந்ததைப் பாத்தீங்க இல்லே? ஏன் சொல்லலே?"

அவர் டைப்ரைட்டருக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். "நீங்களே சொல்லிடுவீங்கன்னு தோணிச்சு சார். அதான் சொல்பம் பொறுத்தேன். நான் சொல்லியிருந்தா உங்களை ஆபீஸ் பக்கம் மாத்திடுவாங்க. வேற யார் வந்தாலும் சும்மா கம்பியைப் போட்டுட்டுப் போயிடுவாங்க. நான் அடிக்கிறதை எழுத்து விடாம படிக்கிறவர் நீங்க ஒருத்தர்தானே."

தப்புக் கண்டுபிடிக்கத்தான் படித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பிரின்சிபாலிடம் வந்த தைரியம் அவரிடம் வரவில்லை.