கோமாளி முருகையாவின் குரல்

"முருகையா!" என்று கணக்கெழுதும் கிராணி கூப்பிடுகிறார். "வந்தாச்சுலா, ஏன் கத்துற?" என்று பதில் வருகிறது. வாய் முருகையாவுடையது, குரல் அவனுடையது அல்ல. கேட்டில் துப்பாக்கியோடு நிற்கும் மலாய்க்காரக் காவலருடையது. நேற்று காலை இதே பெயருக்கு, காய்ந்த ரப்பர் ஒட்டுப்பாலை நிறுத்து வாங்க வரும் சீனர் பதில் சொன்னார். முந்தாநாள் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் மாயாண்டி, இருமலும் காறலும் சேர்த்து. விடிந்தும் விடியாத நேரத்தில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், தூக்கக் கலக்கத்தோடு நிற்கிற அத்தனை பேரும் சிரித்துவிடுவார்கள். கிராணி சிவசிதம்பரம் மட்டும் சிரிக்கமாட்டார். யாழ்ப்பாணத்து மனிதர், பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து, "எடேய், உனக்கெண்டு ஒரு குரல் இல்லையோ?" என்று கேட்பார்.

"இருந்தாக் குடுக்க மாட்டனாங்க?" என்பான் முருகையா. அதையும் கிராணியின் குரலிலேயே சொல்வான். கொழுப்பைப் பாருங்கள்!

மலாயாவில் கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டங்களில் கோமாளி முருகையாவைத் தெரியாதவர்கள் இல்லை. ஆள் ஒல்லி. காது மட்டும் பெரியது, அதுதான் அவனுக்கு வினை. அடுத்த வீட்டில் தகர டப்பா விழுந்தால் இவன் துள்ளி எழுவான். லயத்து வீட்டு வரிசைக் கோடியில் பிள்ளை அழுதால் இவனுக்குச் சோறு இறங்காது. ஜீப் வளைவு திரும்புவதற்கு முன்பே, "தொர வண்டி" என்றோ "போலீஸ் வண்டி" என்றோ சொல்லிவிடுவான்; தப்பியதே இல்லை. "எங்க வீட்டுக்காரருக்கு மேல்தோலே கெடையாதுடி, சும்மா சட்டையப் போட்டுக்கிட்டுத் திரியுறாரு" என்று அவன் மனைவி பஞ்சாலை, குழாயடியில் சொல்லிச் சிரிப்பாள்.

அவனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வான். "சத்தம் உள்ள போயி உக்காந்துக்குது. வாய் வழியா வெளிய வுட்டாத்தான் தூக்கம் வருது." அப்படி வெளியே விட்டு விட்டுத்தான் கோமாளி ஆனான். சொந்தக் குரல் என்று ஒன்று இருந்திருக்கிறது. முதல் நாள் பெரட்டில் அந்தக் குரலில் பதில் சொன்னபோது, "எவன்டா பொட்டப்புள்ளைய வேலைக்கு அனுப்புனது?" என்று அப்போதிருந்த மண்டோர் கேட்டு, களமே சிரித்திருக்கிறது. அன்று உள்ளே போட்டுப் பூட்டியதுதான். பஞ்சாலையைக்கூட யாராவது ஒருவர் குரலில்தான் கூப்பிடுவான். "ஒரு தடவ, ஒரே தடவ, நீயா என்னைக் கூப்புடேன்யா" என்பாள். உடனே அவள் அப்பன் குரலில் கூப்பிட்டு அடி வாங்குவான்.

இதெல்லாம் மாசிக்கு முந்திய முருகையா.

அவசரகாலம் வந்து லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டபிறகு தோட்டத்துக்குப் புதுச் சட்டங்கள். கேட்டு திறந்தால்தான் போகலாம். மூடுவதற்குள் திரும்ப வேண்டும். ஒரு வாய்ச் சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். வெறும் வயிற்றோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். முருகையாவின் பக்கத்து மர நிரை சன்னாசியுடையது. பசி தாங்காத மனிதன். மாசியில் ஒரு நாள் வாளிக்கு அடியில் ஒரு பிடி சோற்றை இலையில் மடித்து ஒளித்துக்கொண்டு போனான். அன்று பார்த்து மழை இருட்டியது. மரத்தில் கட்டிய மங்கில் தண்ணீர் விழுந்தால் பால் கெட்டுப்போகும் என்று, நேரம் தாண்டியும் மங்கு மங்காக ஓடி எடுத்துக்கொண்டிருந்தான். ரோந்துச் சிப்பாய்கள் பார்த்தார்கள். "ஐயா, நான் தோட்டத்து ஆளுங்க!" என்று சன்னாசி தமிழில்தான் கத்தினான். அவர்களுக்கு என்ன புரியும்? வெடிச்சத்தம். சன்னாசி சாய்ந்தான். பிறகு வாளியைக் கவிழ்த்தார்கள், சோறு விழுந்தது. காட்டுக்குச் சோறு சுமந்தவன் என்று ஆகிவிட்டது.

முருகையா இரண்டு மரம் தள்ளிச் சருகில் குப்புறக் கிடந்தான். விசாரித்தபோது, "நா ஒண்ணும் பாக்கலீங்க" என்றான். பயம். வேறென்ன?

பெரட்டில் வாளிகளை நிரை வரிசைப்படி வைப்பது வழக்கம். சன்னாசியின் வாளி இருந்த இடம் காலியாகக் கிடந்தது. அந்தக் காலி இடத்திலிருந்தும் ஒரு முழம் தள்ளித் தன் வாளியை வைத்தான் முருகையா. சன்னாசியின் மனைவி மாரியம்மா வீட்டுப் பக்கம் யாரும் போகவில்லை. போனால் யார் கண்ணில் படுமோ என்ற நடுக்கம். பெயர் கூப்பிட்டால் முருகையா கையை மட்டும் தூக்கினான். "வாயத் தொறந்தா அவந்தான் வருவான் பஞ்சால. அதே சத்தம். அப்படியே இருக்கு உள்ள" என்று ஒரு நாள் மனைவியிடம் கிசுகிசுத்தான். அதையும் குரலே இல்லாமல்தான் சொன்னான்.

பங்குனியில் மாரியம்மன் திருவிழா; வருஷா வருஷம் அதில் முருகையாவின் கோமாளிக் கூத்து உண்டு. கூத்துக்குப் போலீஸிடம் அனுமதி கேட்கப் போன கிராணி வியர்த்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"பொழுதுபடுறதுக்குள்ளை முடிக்கவேணும். பகலிலைதான் கூத்து. போலீஸ் துரையும் வருவார்." சற்று நிறுத்தினார். "சோறு கடத்தினவன்ரை கதையைப் பகிடியாச் செய்யவேணுமாம், முருகையா. சனம் சிரிக்கவேணுமாம்."

"அது சன்னாசிங்க" என்றான் முருகையா, காற்றாக.

"எனக்குத் தெரியாதே? செய்யாட்டி உன்னைக் கொண்டுபோய் வைச்சு விசாரிப்பினம். பிறகு ஊருக்குக் கப்பலிலை ஏத்தி விட்டாலும் விடுவினம். பஞ்சாலையை யோசி."

பகல் கூத்து என்றால் உங்களுக்கு விளங்காது. இத்தனை வருஷம் அவன் ஆடியது காஸ் விளக்கு வெளிச்சத்தில். எதிரே ஒரே இருட்டு, அதற்குள்ளிருந்து சிரிப்பு மட்டும் வரும். அன்று சுள்ளென்ற வெயிலில் மேடை ஏறினால் அத்தனை முகமும் தெரிகிறது. நாற்காலியில் போலீஸ் துரை, பக்கத்தில் கிராணி, பின்னால் மண்டோர் மாயாண்டி. தரையில் முன்வரிசையில், வெறுங்கழுத்தோடு மாரியம்மா. அவளைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு ஆளே இல்லை.

முதலில் எப்போதும் போலப் பெரட்டுக் கூத்து. கிராணி குரலில் அவன் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட, கூட்டத்திலிருந்து அவரவர் "வந்தாச்சுங்க!" என்று கூவுவார்கள். பல நாள் கழித்து அவன் வாய் திறந்ததில் ஜனங்களுக்கு ஒரே குஷி. ஒவ்வொரு பெயராகப் போய், தன் பெயரையும் கூப்பிட்டுத் தானே கைதூக்கி, சிரிப்பு அடங்குவதற்குள் நாக்கு வருஷா வருஷம் ஓடிய தடத்திலேயே ஓடிவிட்டது.

"சன்னாசி!"

பாவி, சொல்லிவிட்டான். யாரோ ஒரு பிள்ளையின் வாயைப் பொத்தினார்கள். மாரியம்மா நிமிர்ந்து அவன் வாயையே பார்த்தாள். அவளுக்குத் தெரியும், அவன் நினைத்தால் சன்னாசியின் குரலிலேயே "வந்தாச்சுங்க" சொல்ல முடியும். தொண்டைவரை அது வந்தும்விட்டது. சொன்னால் அப்படியே சோற்றுப் பகிடிக்குத் தாவிவிடலாம், தப்பிவிடலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வான்? விழுங்கினான். தொப்பியைக் கழற்றினான்.

"சன்னாசி வரலீங்க."

மெலிந்த, கீச்சென்ற, நடுங்குகிற ஒரு குரல். அந்தக் குரல் அங்கே யாருக்கும் நினைவில் இல்லை. யாரைப் போலச் செய்கிறான் என்று சிலர் அக்கம்பக்கம் பார்த்தார்கள்.

"மழ வருதுன்னு மங்கு எடுத்துக்கிட்டு இருந்தான்ங்க. சோறு அவன் வயித்துக்கு வச்சிருந்ததுங்க. தோட்டத்து ஆளுன்னு சொன்னான். நா பக்கத்து நிரையில கெடந்தேன், பாத்தேன். பாக்கலேன்னு பொய் சொல்லிட்டேன் தாயி."

மாரியம்மாவிடமிருந்து ஒரு கேவல் வெடித்தது. போலீஸ் துரை கிராணியின் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். சிவசிதம்பரம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "இது சோகக் கட்டம், துரை. கதையிலை வாறது" என்று இங்கிலீஷில் சொன்னாராம். அந்த மனிதருக்கு அவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது! துரை தலையாட்டினார். ஆனால் மாயாண்டிக்குத் தமிழ் தெரியுமே. கூத்து கலைந்தபோது லயத்தில் அவன் சைக்கிளைக் காணோம்; போலீஸ் ஸ்டேஷன் ரோட்டில் போனதைப் பார்த்தவர்கள் உண்டு.

மறுநாள் பெரட்டு. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"முருகையா!"

"வந்திருக்கேங்க." அதே கீச்சுக் குரல். யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் வரிசையில் பஞ்சாலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாரியம்மா!"

அன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள். புருஷன் நிரையையே கிராணி அவளுக்குக் கொடுத்திருந்தார். வாளியோடு தயங்கி நின்றவள், கடைசியில் அந்தக் காலி இடத்தில் வைத்தாள். முருகையாவின் வாளி இன்னும் ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது.

அப்போது அவன் தலை சட்டென்று ரோட்டுப் பக்கம் திரும்பியது. வேறு யாருக்கும் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. 'தொர வண்டியா?' என்று பஞ்சாலை கண்ணாலேயே கேட்டாள். இல்லை, மற்ற வண்டி என்று தலையசைத்தான். பிறகு குனிந்து, தன் வாளியை இழுத்து, மாரியம்மாவின் வாளியோடு முட்டும்படி வைத்தான்.