கயிற்றை அறுத்தவர்

நாலு வருஷத்துக்கு முன்னால் ஏப்ரல் ஒன்றாம் தேதி காலையில் நடந்தது இது. இடம், பொதட்டூர்பேட்டைக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் எங்கள் ஊர்.

நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். கிரேனில் பெல்ட் மாட்டி இரும்பைத் தூக்கி இறக்கும் வேலை. பதினான்கு வருஷம் ஆகிறது. ஊருக்கு மாதம் ஒரு முறை போவதே பெரிய விஷயம். ஆனால் ஏப்ரல் ஒன்றுக்கு மட்டும் லீவு போட்டுவிடுவேன். எங்கள் திருத்தணிப் பக்கம் ஒரு காலத்தில் ஆந்திராவில் இருந்தது. நிறைய பேர் போராடி, ஜெயிலுக்குப் போய், அதற்கப்புறம்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சேர்ந்த நாள் அது. அரசாங்க லீவு கிடையாது. ஊரில் நாங்களாகக் கொடி ஏற்றி, கேசரி கிண்டிக் கொடுப்போம்.

"ஏப்ரல் ஒண்ணுக்கு லீவா? யாரைடா ஏமாத்தப் போற?" என்று சூப்பர்வைசர் ஒவ்வொரு வருஷமும் கேட்பார். சிரித்துவிட்டு பஸ் ஏறிவிடுவேன்.

அந்த வருஷம் புதுக் கொடிக்கம்பம் நடுவதாக இருந்தது. இரண்டு இரும்புக் குழாயைச் சேர்த்து வெல்டிங் வைத்தது. முப்பது அடி. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நடுவதாகப் பேச்சு. அங்கே தெரு ஒயர் போகிறது என்று லைன்மேனிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தோம். அவரும் காலையில் வந்து ஊர் கரண்டை நிறுத்திவிட்டு, "ஒரு மணி நேரம்தாம்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். டீக்கடை ஃபேன் நின்றதை நானே பார்த்தேன்.

அவர் போன பிறகு என் மச்சான் இடத்தை மாற்றினான். என் மனைவியின் தம்பி அவன்.

"மாமா, பள்ளிக்கூடத்தாண்ட நட்டா நம்ம ஊர்க்காரன்தான் பாத்துக்கினு இருப்பான். எல்லையில நடுவோம். ஆந்திரா பஸ்ல வர்றவன் மொதல்ல நம்ம கொடியத்தான் பாக்கணும்."

எல்லோருக்கும் பிடித்துப் போனது. எனக்கும்தான்.

எங்கள் எல்லை என்றால் வேலியோ சுவரோ கிடையாது. தார் ரோட்டின் நிறம் மாறும், அவ்வளவுதான். இந்தப் பக்கம் எங்கள் நெல். அந்தப் பக்கம் அவர்கள் கரும்பு. ரோட்டோரம் குழி தோண்டினோம். மண் இறுகிக் கிடந்ததால் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தோண்டினோம். பேட்டரியில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது.

அப்போது கரும்புக் கொல்லையிலிருந்து ஒருவர் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். முழங்கால் வரை சேறு. முகம் தெரியும், பேசிப் பழக்கமில்லை. அந்தப் பக்கத்துக்காரர்.

"இந்த எடத்துல வேணாம்பா. தள்ளி நடுங்க" என்றார்.

மச்சான் நிமிர்ந்தான். "ஏன்? எங்க எடத்துல கம்பம் நடறதுக்கு ஆந்திராவுல பர்மிஷன் வாங்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அதுக்கில்ல நைனா, நான் சொல்றத கேளு..."

"இன்னாத்த கேக்கறது? இன்னிக்கு இன்னா நாள்னு தெரியுமா ஒனக்கு? உங்ககிட்டேர்ந்து பிரிஞ்சி வந்த நாளு. வவுறு எரியுதா?"

ஒருவன் ஸ்பீக்கர் சத்தத்தை இன்னும் கூட்டினான். அவர் என்னைப் பார்த்தார். அங்கிருந்ததில் நான்தான் கொஞ்சம் வயதானவன். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். அவர் திரும்பிப் போய்விட்டார்.

கம்பெனியில் பர்மிட் பேப்பர் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொட மாட்டோம். மேலே ஒயர் இருந்தால், கரண்ட் நிறுத்தியாயிற்று என்று யார் சொன்னாலும், டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் கிரேன் நகராது. அப்போதே பத்து வருஷமாக அதைச் செய்து வந்தவன் நான். கம்பம் தூக்கும் பொறுப்பை அதனால்தான் என்னிடம் விட்டிருந்தார்கள். தலைக்கு மேல் மூன்று கம்பி போனது என் கண்ணில் பட்டதுதான். கரண்டைத்தான் நிறுத்திவிட்டார்களே என்று விட்டுவிட்டேன்.

கொடிக்கம்பம் என்பதால் செருப்பைக் கழற்றி வைத்தேன். ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று கம்பத்தின் அடியை இரண்டு கையாலும் பிடித்துக் குழிக்குள் விட்டேன். நாலு பேர் முன்னால் கயிறு இழுத்தார்கள். மச்சானும் இன்னொருவனும் பின்னாலிருந்து கவட்டைக் கொம்பால் முட்டுக் கொடுத்தார்கள். "இழு, இழு" என்று நான் குரல் கொடுத்தேன். கம்பம் பாதிக்கு மேல் எழுந்துவிட்டது.

அந்த நேரத்தில் கரும்புக்குள்ளிருந்து அவர் ஓடி வந்தார். கையில் கொடுவாள். வாய் திறந்து என்னவோ கத்துகிறார். ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்கவில்லை.

"வெட்ட வர்றான்டா!" என்று மச்சான் கத்தினான். கவட்டையைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் ஓடினார்கள்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கயிற்றிடம் வந்து ஒரே வெட்டு. கயிறு அறுந்தது. இழுத்தவர்கள் நாலு பேரும் பின்னால் போய் விழுந்தார்கள். நான் கையை விட்டுத் தாவினேன். கம்பம் பின்பக்கமாக ரோட்டில் விழ, அதன் அடி குழியிலிருந்து எகிறி அவர் பாதத்தில் அடித்தது.

எனக்குக் கண்மண் தெரியாத கோபம். எழுந்து போய் அவர் கன்னத்தில் அறைந்தேன். அதைச் சொல்லாமல் இதை எழுதக்கூடாது.

அவர் திருப்பி அடிக்கவில்லை. கொடுவாளைக் கீழே போட்டார். கரும்புக் கொல்லையைக் கையால் காட்டினார். யாரோ ஸ்பீக்கரை நிறுத்தினார்கள்.

அப்போதுதான் காதில் விழுந்தது, மோட்டார் சத்தம். அவர் கொல்லையில் குழாய் நிறையத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"என் மோட்டாரு ஓடுதில்ல? அந்தக் கரண்டு இந்தக் கம்பியிலதான் வருது. இது எங்க பக்கத்து லைனு. உங்க ஆளு நிறுத்துனா இது எப்பிடி நிக்கும்?"

மேலே பார்த்தேன். அந்த மூன்று கம்பியும் கரும்புப் பக்கமிருந்து வந்து, ரோட்டு முனையில் எங்கள் மண்ணுக்கு மேலே ஓரமாக வளைந்து, அவர் கொல்லைக்கே திரும்பிப் போனது. இன்னும் இரண்டு இழுப்பு இழுத்திருந்தால் கம்பம் தொட்டிருக்கும்.

மச்சான் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். ஈர மண், வெறுங்கால், கையில் இரும்பு. முதலில் போயிருப்பவன் நான். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. அங்கேயே கொண்டு வந்திருந்த கேசரிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பாதத்தில் ரத்தம் ஊற்றியது. துண்டால் கட்டி, பைக்கில் ஏற்றிக்கொண்டு பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். பாதி தூரம் போன பிறகு, "அண்ணா, அடிச்சிட்டேன்" என்றேன்.

"அடிக்கிறதுக்கு நீ உசுரோட இருக்கியே நைனா, அது போதும்" என்றார் பின்னாலிருந்து.

கொஞ்ச தூரம் போனதும் அவரே சொன்னார். "எனக்கும் கோவம்தான். இன்னாவோ பண்ணிக்கோங்கடான்னுதான் போனேன். கரும்புல குனிஞ்சி காஞ்ச சோகை கழிச்சிக்கினு இருந்தேன். மனசு கேக்கல. எட்டிப் பாத்தா நீ செருப்பு இல்லாம நிக்கற."

ஐந்து தையல் போட்டார்கள். திரும்பி வந்தபோது கம்பத்தைப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நட்டிருந்தார்கள். இந்த முறை லைன்மேனைக் கூப்பிட்டுப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்து நட்டார்களாம். கரும்புக் கொல்லைக்காரரையே கொடி ஏற்றச் சொல்லி மச்சான் அவர் கையைப் பிடித்தான்.

"உங்க நாளு, நீங்க ஏத்துங்கப்பா. எனக்குத் தண்ணி மடை மாத்தணும்" என்று சொல்லிவிட்டு, கேசரியை மட்டும் வாங்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார்.

அதற்கப்புறம் வேலையில் யாராவது 'வேண்டாம்' என்று சொல்ல வந்தால், புதிதாகச் சேர்ந்த வடநாட்டு ஆளாக இருந்தாலும், கிரேனை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்கிறேன். இந்தக் கையால்தான் அவரை அடித்தேன். இந்தக் கை இன்று வேலை செய்து என் வீட்டுக்குச் சோறு போடுவது அவரால்தான் என்பதை ஒரு நாளும் நான் மறந்ததில்லை.