ஆறு மைக்கும் ஒரு புதன்கிழமையும்

டெக்சாஸில், ரிச்சர்ட்சன் ஊரில் முப்பது வருடம் டெலிகாம் டெஸ்டிங்கில் இருந்தேன். ஒரு லைனில் பேசுவது இன்னொரு லைனில் கேட்டால் அதற்குக் கிராஸ்டாக் என்று பெயர். அதைத் தேடி ஒழிப்பதுதான் என் வேலை. ரிட்டயரான பிறகு, பக்கத்து பப்பில் புதன்தோறும் மாலையில் பழைய பாணி ஜாஸ் வாசிக்கும் குழுவுக்கு சவுண்ட் பார்க்க ஒப்புக்கொண்டேன்.

குழுவை நடத்துபவர் ஜெயந்தி. பல் டாக்டர், கோயம்புத்தூர்க்காரர், கிளாரினெட் வாசிப்பார். முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"ஏனுங்க அங்கிள், இன்னிக்குத்தான் கடைசி சான்ஸுங்க. கூட்டம் நிக்கலைன்னா அடுத்த வாரத்துல இருந்து நமக்குப் பதிலா க்விஸ் வெச்சுக்கறேன்னு ஓனர் ரிக் சொல்லிட்டாரு."

"கவலைப்படாதீங்க டாக்டர். ப்ரொசீஜர் இருக்கு."

என்னிடம் எதற்கும் ப்ரொசீஜர் இருக்கும். ஆறு வாத்தியம், ஆறு மைக், லேபிள் ஒட்டிய ஆறு கேபிள். ஒருவர் சத்தம் அடுத்தவர் மைக்கில் நுழையாதபடி நடுவே தடுப்புப் பலகைகள்.

"மெயின் ஆர்ட்டிஸ்ட் யாரு?" என்று கேட்டேன்.

"அப்பிடி யாரும் இல்லீங்க."

தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். சென்னை சபாக்களில் வளர்ந்தவன். மெயின் இல்லாத கச்சேரியைப் பார்த்ததில்லை.

ஆரம்பித்தார்கள். ட்ரம்பெட் மெட்டை வாசிக்க, மேலே கிளாரினெட், கீழே ட்ராம்போன், மூன்றும் ஒரே நேரத்தில். அப்பட்டமான கிராஸ்டாக். ட்ரம்பெட்டை மட்டும் ஏற்றி மற்றதையெல்லாம் இறக்கினேன். அவ்வளவு சுத்தமான சிக்னலை என் சர்வீஸிலேயே பார்த்ததில்லை.

மூன்றாவது பாட்டில் இரண்டு டேபிள் பில் கேட்டது. ரிக் என் பக்கம் வந்தார். "ரொம்ப நீட்டா இருக்கு. ஃபோன்ல ஹோல்ட் போட்டா வருமே, அந்த மியூசிக் மாதிரி," என்றார் ஆங்கிலத்தில். டெலிகாம்காரனை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது.

இடைவேளையில் ஜெயந்தி வந்தார். "அங்கிள், நான் ட்ராம்போனுக்குப் பதில் சொல்லோணும். அவரு என்ன கேட்டாருன்னே கேக்கலீங்களே!"

"எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா யாருக்குப் புரியும்?"

"எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து பாருங்க. எல்லாருக்கும் எல்லாமே புரியும்."

நான் ஃபால்ட் என்று நினைத்து அடைத்த அந்தக் கிராஸ்டாக்தான் அவர்கள் சர்வீஸே. பலகைகளைத் தூக்கினேன். ஐந்து மைக்கைப் பிடுங்கினேன். மிச்சமிருந்த ஒன்றை நடுவில் வைக்க, ஆறு பேரும் அதைச் சுற்றி நெருங்கி நின்றார்கள்.

மறுபடி வாசித்தபோது, பில் கேட்ட ஒரு டேபிளில் கார் சாவியோடு எழுந்தவர் அதை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மற்ற டேபிள் இன்னொரு ரவுண்ட் சொன்னது. கதவில் ஒட்ட வைத்திருந்த க்விஸ் நோட்டீஸைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் ரிக் ஆர்டர் எழுத ஆரம்பித்தார்.

இளைய இன்ஜினியர்களுக்கு ஒன்று: ஃபால்ட்டைச் சரிசெய்யும் முன் அது ஃபால்ட்தானா என்று அங்கே வேலை செய்பவரிடம் கேளுங்கள். சொல்லும் பதிலை நம்புங்கள். மெயின் யார் என்று நான் கேட்டேன், வந்த பதிலை நம்பத்தான் இல்லை. இப்போது என் ப்ரொசீஜரில் அதுதான் முதல் வரி. இரண்டாவது வரி, மைக் ஒன்று. மற்ற ஐந்து கேபிளும் லேபிளோடு கராஜில் பத்திரமாக இருக்கின்றன.