எல்லாவற்றுக்கும் ‘ஆமா’ போட்ட சித்தி

என் சித்தி பெண்களுக்கு முடி வெட்டுகிறவர். கடை சின்னது, இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி. வெளிநாட்டு சலூன் ஒன்று அவருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஆங்கிலத் தேர்வின் நான்கு பகுதிகளிலும் ஒன்பதுக்கு ஆறு வாங்கினால் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். கேட்பது, படிப்பது, எழுதுவது மூன்றிலும் தேறிவிட்டார். பேச்சில் மட்டும் ஐந்தரை.

எனக்கு நம்பவே முடியவில்லை. கடைக்கு வரும் வெளிநாட்டுப் பெண்களிடம் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்குகிறவர் அவர். நானும் பள்ளியை முடித்துவிட்டு மேல்படிப்புக்காக அதே தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். சித்திக்கே ஐந்தரை என்றால் என் கதி? மாதிரிக் கேள்விகளோடு கடையில் போய் உட்கார்ந்தேன்.

“பெரிய நகரத்துல வாழறதுதான் நல்லதுன்னு சிலர் சொல்றாங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“ஆமா, நல்லதுதான்.”

“சின்ன ஊர்தான் நிம்மதின்னும் சொல்றாங்களே?”

“ஆமா, அதுவும் சரிதான்.”

“சித்தி! எதைக் கேட்டாலும் ஆமாவா?”

“கத்தரிக்கோலைக் கையில வச்சுக்கிட்டு கஸ்டமர்கிட்ட சண்டை போடச் சொல்றியாடி? மருமக வந்து மாமியாரைத் திட்டுவா, ஆமாம்பேன். அடுத்த வாரம் அதே மாமியார் வந்து மருமகளைத் திட்டும், அதுக்கும் ஆமாம்பேன். ரெண்டு தலையும் எனக்கு வேணும்ல?”

கடை ஓடுவதே அந்த ‘ஆமா’வில்தான். தேர்வில் அதுதான் காலை வாரியிருக்கிறது. ஆமா என்றதும் பேச்சு முடிந்துபோகிறது. மதிப்பெண் போடுகிறவர் எதைக் கேட்டுப் போடுவார்? நாம் எந்தப் பக்கம் பேசினாலும் அவருக்குக் கவலையில்லை. காரணம் சொல்ல வருகிறதா, பேச்சு தங்குதடையில்லாமல் வருகிறதா என்றுதான் பார்க்கிறார். இதைச் சித்தியிடம் எடுத்துச் சொன்னேன்.

“நான் ‘இல்லை’ன்னு சொன்னா அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?”

“கோவிச்சா என்ன சித்தி? உங்ககிட்ட முடி வெட்டிக்கவா வரப்போறாங்க?”

அதன்பிறகு வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. “குழம்பு நல்லாருக்கு” என்று சித்தப்பா வாயைத் திறந்தாலே, “நான் ஒத்துக்க மாட்டேன், ஏன்னா...” என்று சித்தி ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிடுவார்.

“உன் சித்தி பாஸ் பண்றதுக்குள்ள நாங்க கோர்ட்டுக்குப் போயிடுவோம் போலருக்கு” என்றார் சித்தப்பா.

மறுதேர்வு நாளன்று தேர்வு மைய வாசலில் காத்திருந்தேன். சித்தி சிரித்துக்கொண்டே வந்தார்.

“அம்மா வேலைக்குப் போகாம வீட்டுல இருக்கிறதுதான் பிள்ளைங்களுக்கு நல்லதான்னு கேட்டாங்க.”

“ஐயையோ, ஆமான்னுட்டீங்களா?”

“விடுவேனா? இல்லவே இல்லைன்னேன். கடையில முடியைக் கூட்டிக்கிட்டே என் பெரிய பையனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த கதையை எடுத்துவிட்டேன். நேரமாச்சுன்னு அந்தம்மாதான் நிறுத்தினாங்க.”

முடிவு வந்தபோது நாற்காலியில் ஒரு வாடிக்கையாளர் இருந்தார். சித்தி போனைப் பார்த்தார். ஆறரை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மிச்ச முடியையும் ஒழுங்காக வெட்டி முடித்தார். பிறகு கண்ணாடியில் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்:

“அக்கா, நீங்க வேற கடை பார்த்து வச்சுக்கங்க. நாங்க கிளம்பப் போறோம்.”