அத்தான் கழுவித் தந்த வான்

அக்காவின் கணவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

தேற்றாத்தீவில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் ஒரே வளவு. அங்கே நிற்கும் பழைய வான் என்னுடையது. காலையில் சந்தியில் பிள்ளைகளை ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் இறக்குவேன். அதுதான் என் பிழைப்பு. அத்தானுக்கு அந்த ஓட்டத்தின் மேல் எப்போதும் ஒரு கண்.

ஒருநாள் வானின் ஒட்சிசன் சென்சர் செத்தது. புகைக்குழாயில் பூட்டியிருக்கும் விரலளவு சாமான் அது. எரிந்து வரும் புகையைப் பார்த்து, பெற்றோலைக் கூட்டு, குறை என்று எஞ்சினுக்குச் சொல்வது அதன் வேலை. அது போனால் வான் கண்டபடி பெற்றோல் குடிக்கும், கரும்புகை கக்கும், பிறேக்கை மிதித்தால் அணைந்துவிடும். புதிதாகப் பூட்டினேன். சில கிழமைகளில் அதுவும் போனது. அடுத்ததும் போனது.

கராஜ்காரர் பெற்றோலைச் சந்தேகித்தார், பிறகு வயரை. இரண்டையும் மாற்றிப் பார்த்தோம், பயனில்லை. அத்தானுக்கு மட்டும் ஒரு சந்தேகமும் இல்லை.

"மறுகாவும் பழுதாக்கிற்றியா புள்ள? பொம்புளயள் ஓடினா சென்சர் நிக்குமா? நீ வீட்ட இரு, நான் ஓடுறன்."

என்னிடம் சொன்னதோடு விட்டிருக்கலாம். சந்தியில் நிற்கும் தாய்மாரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார். "இனி அவர்தான் ஓடுவாராமே?" என்று ஒருத்தி என்னிடமே கேட்டாள்.

கராஜில் கிடந்த பழைய சென்சர்களை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். எல்லாவற்றுக்குள்ளும் ஏதோ உடைந்து கிலுங்கியது.

"உள்ளுக்க பீங்கான் மாதிரி ஒண்டு இரிக்கு தங்கச்சி," என்றார் கராஜ்காரர். "கொதிச்சுக்கொண்டிரிக்கக்குள்ள தண்ணி பட்டா வெடிக்கும். வெள்ளத்துக்க விட்டீங்களா?"

மழையே இல்லாத காலம். ஆனால் தண்ணீர் என்றதும் எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. அன்றைக்குத்தான் அத்தான் வானை வாங்கிக்கொண்டு கரடியனாற்று வட்டைக்கு வயல் பார்க்கப் போவார். நான் செபமாலை முடிந்து வரும்போது வான் கழுவித் துடைத்துப் பளபளவென்று நிற்கும். "பாத்தியாகா, உன்ட வானை எப்பிடி வச்சிரிக்கார்!" என்று அக்கா பூரித்துப் போவாள்.

கராஜ்காரர் புதுச் சென்சர் பூட்டித் தந்தார். அந்த ஞாயிறு நான் கோயிலுக்குப் போகவில்லை. அத்தான் வழமையாக வான் கழுவும் வாவிக்கரையில் கண்ணா மரப் பற்றைக்குப் பின்னால் நின்றேன்.

கரடியனாற்றிலிருந்து வந்த வேகத்திலேயே வான் தண்ணீருக்குள் இறங்கியது. சூட்டுச் சட்டியில் தண்ணீர் ஊற்றியது போல அடியிலிருந்து சுர்ரென்று ஆவி கிளம்பியது. அத்தான் சாரத்தை மடித்துக் கட்டி, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம். அது போதாது என்று பட்டது. என் பெயரைச் சந்தியில் கெடுத்தவருக்குச் சந்தியில்தான் கொடுக்க வேண்டும்.

மாலையில் அவர் வானின் திறப்பைக் கொண்டுவந்து நீட்டினார்.

"நீங்களே வச்சிருங்க அத்தான்," என்றேன். "நாளைக்கு நீங்களே ஓடுங்க."

அவர் முகத்தில் வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டும்! விடிந்ததும் மினுக்கிய சட்டையோடு புறப்பட்டார். நான் முன்கூட்டியே சந்திக்குப் போய்த் தாய்மாரோடு நின்றேன்.

வான் புகையோடு வந்தது. பிறேக்கை மிதித்தார், அணைந்தது. ஸ்டார்ட் பண்ணினார், குலுங்கி மறுபடி அணைந்தது. தாய்மார் சேலைத் தலைப்பால் பிள்ளைகளின் மூக்கைப் பொத்தினார்கள். அவர் வேர்த்துக் கொட்டியபடி இறங்கினார்.

"இந்த வான் ஓடேலாது புள்ள."

"ஓடும்," என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "கொதிக்கக் கொதிக்கத் தண்ணிக்குள்ள இறக்கிக் கழுவாட்டி நல்லா ஓடும். சென்சரை ஒவ்வொரு முறையும் வெடிக்க வச்சது நீங்கதான். நேத்து என்ட கண்ணால பாத்தன்."

அவர் கையிலிருந்த திறப்பைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப தெரிஞ்சுதானா திறப்பத் தந்த?"

"ஓம் அத்தான். தெரிஞ்சுதான்."

ஒரு தாய் சிரித்துவிட்டாள். நான் பிள்ளைகளை ஏற்றி, பிறேக்கோடு பெற்றோல் பெடலையும் மிதித்துப் பிடித்து, எஞ்சின் அணையாமல் பள்ளிக்கூடம் வரை ஓட்டினேன். செத்த சென்சரோடு ஓட்டி ஓட்டி எனக்கு அது பழகியிருந்தது.

அக்கா இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. மனுசன் தெரியாமல் செய்ததற்கு இப்படி ஒரு அவமானமா என்று ஊரெல்லாம் கேட்கிறாள். சென்சரை உடைத்தது தெரியாமல்தான், ஒத்துக்கொள்கிறேன். தாய்மாரிடம் போய் என் பிழைப்பைக் கேட்டாரே, அதைத் தெரிந்துதானே செய்தார்.